கடிகாரம் விட்டுப்போன வீதி

ஊஞ்சக்காட்டூரில் மாகாளியம்மன் கோயில் வீதியின் நடுப்பாகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊர் காப்பி குடித்து முடிப்பதற்குள் காணாமல் போனது. ஏழு வீடுகளும், ஒரு முருங்கை மரமும், ஒரு அடிபம்பும், அந்த வீடுகளில் பல் விளக்கிக்கொண்டும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டும் இருந்த ஜனங்களும், துளசிமணி வீட்டுக்கு மாவுச்சட்டி கொண்டுபோன சாரதாமணியும் சேர்ந்தே போனார்கள். மேற்குத் துண்டும் கிழக்குத் துண்டும் வந்து ஒட்டிக்கொண்டன, ஒட்டிய இடத்தில் தார் ரோட்டில் ஒரு கோடுகூட இல்லை. இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. சாரதாமணிக்குப் பக்கத்து வீடு என்னுடையது, வாசலில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு குனிந்திருந்தேன், நிமிர்ந்தால் துளசிமணி வீட்டு வரிசை தெரியவேண்டிய இடத்தில் பஸ் ஸ்டாண்டு மூலை பேக்கரி நின்றது, சுடச்சுட பன் வாசனை மூக்கில் அடித்தது. கிண்ணம் கையிலிருந்து விழுந்தது, அன்றைக்கு என் வீட்டில் கோலம் பாதியிலேயே நின்றுபோனது.

இதற்கெல்லாம் காரணம் சாரதாமணியின் வீட்டுக்காரர் மோகனசுந்தரம் ஒரு பொத்தானை அமுக்க மறந்ததுதான். அவர் நூல்கடைக்காரர், நாற்பத்து நாலு வயசு, சர்க்கரை வந்துவிடும் என்று டாக்டர் பயமுறுத்தியதில் ஓட ஆரம்பித்தவர், பயம் தெளிந்த பிறகும் ஓட்டத்தை விடாதவர். மணிக்கட்டில் ஒரு ஜிபிஎஸ் கடிகாரம் கட்டியிருந்தார். அது வானத்து செயற்கைக்கோள்களைக் கேட்டுக் கேட்டு, மனுஷன் எந்த வழியாக எத்தனை தூரம் ஓடினார், நெஞ்சு எத்தனை தரம் அடித்தது என்று செல்போனில் படம் போட்டுக் காட்டும். பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வீடு வந்து சேர்ந்துவிட்டால், உள்ளே போகமாட்டார். பத்து நிறையும்வரை கேட்டுக்கு முன்னால் அப்படியும் இப்படியும் ஓடுவார், பால்காரர் வண்டியைச் சுற்றுவார், குப்பை வண்டியைச் சுற்றுவார், சாரதாமணி துண்டை வைத்துக்கொண்டு "உள்ள வாங்க, ஊரே சிரிக்குது" என்று பல்லைக் கடிப்பாள். ஊர் ஓட்டக் குழுவில் அத்தனை பேரும் இப்படித்தான். குழுத் தலைவர் பனியன் கம்பெனி சிவசண்முகம் ஒரு சட்டமே வைத்திருந்தார்: கடிகாரத்தில் இல்லாதது ஓடாதது.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழுவுக்குப் போட்டி நாள். அவரவர் தமக்குத் தோதான வழியில் பத்து கிலோமீட்டர் ஓடி, கடிகாரப் பதிவை அனுப்பவேண்டும், முந்தியவருக்கு அடுத்த ஞாயிறு மண்டபத்தில் கோப்பை. மோகனசுந்தரம் நெற்றியில் திருநீறு பூசி, கடிகாரத்தை அமுக்கி, கேட்டைத் தாண்டி என் வாசல்வரை ஓடியிருப்பார், எதிரே பால் பாக்கெட்டோடு வந்த துளசிமணி, வெள்ளை மனசுக்காரி, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு கேட்டுவிட்டாள்.

"ஏனுங்கண்ணா, வெடியாலயே எங்கீங்க போறீங்க?"

புறப்பட்டுப் போகிறவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது என்பது எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். கேட்டுவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும், உட்கார வேண்டும், ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும், பிறகுதான் மறுபடி புறப்பட வேண்டும். கோப்பை ஆசை பிடித்தவர் இதில் விளையாடுவாரா? கடிகாரத்தை அந்த இடத்திலேயே நிறுத்தினார், திரும்பினார், உட்கார்ந்தார், சாரதாமணி கொடுத்த சொம்பை வாங்கிக் குடித்தார், மறுபடி கிளம்பினார், கிளம்பிய வேகத்தில் கடிகாரத்தை ஓடவிட மறந்தார். வீதி நெடுக ஓடி, பேக்கரி மூலையில் திரும்பும்போதுதான் மணிக்கட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கினார். ஆக, அன்றைய பதிவில் என் வாசலுக்கு அடுத்த அடி பேக்கரி மூலை. ஊரைச் சுற்றி வந்து, பஸ் ஸ்டாண்டில் பத்து நிறைந்து, கண்ணில் நீர் வர, ஒரு மணி நேரத்துக்கு நாற்பது விநாடி குறைவாக முடித்துவிட்டதைப் பார்த்து, பதிவைச் சேமித்தாரே, அந்தக் கணத்தில்தான் நான் கோலப்பொடியைக் கீழே போட்டேன்.

பத்து நிமிஷத்தில் எனக்கு போன் வந்தது. சாரதாமணி.

"அக்கா, உங்க ஊட்டைக் காணமுங்க!"

"என் ஊடு இங்கதாண்டி இருக்குது. நீதான் காணம்!"

அவர்கள் பக்கத்தில் எல்லாம் அப்படியே இருந்ததாம்; குழாயில் தண்ணீர் வந்தது, கரண்டு இருந்தது, டிவி ஓடியது, வெயில்கூட அடித்தது. வீதிதான் வெளியே போகவில்லை. கடைசி வீட்டைத் தாண்டி கிழக்கே நடந்தால் முதல் வீட்டு வாசலில் மேற்கே இருந்து வந்து நின்றார்கள். துளசிமணி மூன்று தரம் நடந்து பார்த்துவிட்டு, தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாளாம்.

வீதி போனதில் எனக்கு வந்த அதிர்ச்சியைவிட, ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தில் வந்த அதிர்ச்சிதான் இன்றுவரை ஆறவில்லை. முதல் நாள் மத்தியானம்வரை வாயில் அடித்துக்கொண்டு அழுதார்கள், சாயங்காலம் வேடிக்கை பார்த்தார்கள், மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வந்துவிட்டது நல்லதுதானே என்றார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் நேரத்துக்குப் போனார்கள், மூட்டுவலிக்காரர்கள் அம்மனைக் கும்பிட்டார்கள், "அக்கா, உங்களுக்கென்னுங்க, வாசல்ல பேக்கரி" என்று என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். நகராட்சியிலிருந்து ஆள் வந்து டேப் பிடித்து அளந்தார், வரைபடத்தைப் பார்த்தார், வீதியின் நீளம் சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போனார். கவுன்சிலர் வீடியோ காலில் ஏழு வீட்டுக்காரர்களையும் நலம் விசாரித்து, கையெடுத்துக் கும்பிட்டு, ஆவன செய்வதாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை மாகாளியம்மன் நோம்பிக்கு சப்பரம் வந்தபோது, மேளக்காரர்கள் ஒரு பாட்டை எடுத்து முடிப்பதற்குள் சப்பரம் வீதியைக் கடந்துவிட்டது. உள்ளே இருந்த பெண்கள் போனில் கற்பூரம் காட்டினார்கள், பூசாரி இந்தப் பக்கத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் போனை வாங்கி அம்மன் முகத்துக்கு நேரே பிடித்தார், அந்தப் பக்கம் குலவைச் சத்தம் கேட்டது, எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கலைந்தார்கள். அட, உள்ளே இருப்பது மனுஷர்களாயிற்றே, ஏழு குடும்பமாயிற்றே என்று நான் கத்தினேன். "அதான் போன் பேசறாங்கள்லக்கா" என்றார்கள்.

வீதியைத் திரும்பக் கொண்டுவரும் வழி மோகனசுந்தரத்துக்கு முதல் நாள் சாயங்காலமே தெரியும். பெண்டாட்டியைக் காணாமல் ரோட்டின் ஒட்டிய இடத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் பதிவைப் பார்த்திருக்கிறார். என் வாசலிலிருந்து பேக்கரிக்குத் தாவிய கோட்டைப் பார்த்திருக்கிறார். விரல் எங்கேயோ பட, "அழிக்கவா?" என்று போன் கேட்டது. கேட்டதும் அவர் கண் முன்னாலும், வாசலில் நின்றிருந்த என் கண் முன்னாலும் காற்று நடுங்கியது, பேக்கரி கொஞ்சம் தள்ளிப்போனது, நடுவில் முருங்கை மரத்தின் நுனி தெரிந்தது, துளசிமணி வீட்டுக் குக்கர் விசிலடித்தது. அவர் பதறி "வேண்டாம்" என்பதை அமுக்கினார். மரமும் விசிலும் அடங்கின, பேக்கரி பழையபடி வந்து ஒட்டிக்கொண்டது.

பதிவை அழித்தால் வீதி வரும். அவ்வளவுதான் விஷயம். மனுஷன் பொய் சொல்லத் தெரியாதவர், அன்றைக்கே சாரதாமணியிடமும் சொல்லிவிட்டார். அவள் சிரித்தாளாம். "அப்பறமென்னுங்க, அழிச்சுப் போடுங்க. வந்து தோசை ஊத்தறேன்."

அவர் அழிக்கவில்லை. அழித்தால் திரும்ப எடுக்க முடியாது, பதிவைப் போட்டோ பிடித்து வைத்தாலும் குழு ஏற்காது, கடிகாரத்தில் இல்லாதது ஓடாதது. இரவுக்குள் சிவசண்முகமும் நாலு பேரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கோப்பையை வாங்கட்டும், ஒரு வாரம்தானே, உள்ளே யாருக்கு என்ன குறை, அரிசி பருப்பு இல்லாத வீடா என்று பேசினார்கள். நான் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். என்னைச் சமாதானப்படுத்தத்தான் மோகனசுந்தரம் எழுந்து வந்தார்.

"நாலு வருசமுங்கக்கா" என்றார். "ஒரு மணி நேரத்துக்குள்ள ஒரே ஒரு தரம். நாலு வருசமா நாயா ஓடி, ஒரே ஒரு தரம். இனி என்னால முடியாதுங்க. இந்த வயசுக்கு மேல முடியாது."

அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. எனக்கு அவர்மேல் பாவமாகவும் இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது.

ஏனென்றால் சாரதாமணிக்கு வீசிங். மாவுச்சட்டி கொடுத்துவிட்டு வரப் போனவள் இன்ஹேலரை எடுத்துக்கொண்டா போவாள்? அது அவர்கள் வீட்டு ஜன்னல் கட்டையில் இருந்தது. துளசிமணியின் புருஷனுக்கும் அதே சீக்கு, அவரிடம் பாதி தீர்ந்த இன்ஹேலர் ஒன்று இருந்தது, அதை இரண்டு பேரும் பங்கு போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள். இது தெரிந்த நாளிலிருந்து மோகனசுந்தரத்துக்குச் சோறு இறங்கவில்லை. இன்ஹேலரை ரோட்டின் ஒட்டிய இடத்தில் வைத்து, போய்ச் சேரட்டும் என்று விளக்கேற்றிக் கும்பிட்டார். அது போகவில்லை. ஒரு நாள் பத்தடி பின்னால் போய், ஓடிவந்து, பலங்கொண்ட மட்டும் கிழக்கே வீசினார். அது நேராகப் போய் பேக்கரிக்காரர் டீ டம்ளரில் விழுந்தது, பேக்கரிக்காரர் அதைத் துடைத்துத் தன்னிடமே வைத்துக்கொண்டார். மோகனசுந்தரம் எல்லாம் செய்தார், அந்த ஒன்றைத் தவிர. பதிவைத் திறப்பார், "அழிக்கவா?" என்று போன் கேட்கும், முருங்கை மரம் தலைகாட்டும், பதறி மூடிவிடுவார்.

தினமும் அவள் கூப்பிட்டாள். தினமும் ஒரே கேள்வி. "அழிச்சுட்டீங்களா?"

"நாளைக்கு, சாரதா."

வியாழக்கிழமை அவள் என்னைக் கூப்பிட்டாள். உள்ளே அவர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் சமைத்துச் சாப்பிடுகிறார்களாம், முருங்கைக் கீரை தீர்ந்து மரம் மொட்டையாகிவிட்டதாம், காலையும் மாலையும் அவள் வீதிக் கோடிவரை நடந்து போய் வீதி வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வருகிறாளாம். "எத்தனை செகண்டுங்கக்கா அது?" என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. "ஒரு மணி நேரத்துக்கு எத்தனை செகண்டு கொறைவா ஓடுனாரு?" என்றாள். சொன்னேன். மூச்சுதான் கேட்டது, கதவிடுக்கில் காற்று போவதுபோல. "நாப்பது செகண்டுங்களா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் உள்ளே இருந்த இன்ஹேலர் தீர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஊரே கூடியிருந்தது. வாழைமரம் கட்டி, மைக் வைத்து, கிச்சடி வாசனையோடு நோம்பி மாதிரிதான் இருந்தது. நான் அங்கே போனது கோப்பைக்குக் கைதட்ட அல்ல, அந்த மனுஷனை விடாமல் பிடித்து அழிக்கச் சொல்ல. மேடைப் படிக்குக் கீழே புது டி-ஷர்ட்டில் நின்றிருந்தார், கண்ணெல்லாம் சிவந்து, ஒரு வாரத்தில் ஒடுங்கிப் போயிருந்தார். அவர் கையில் போன் அடித்தது. நான் பக்கத்திலேயே நின்றதால் அவள் குரல் எனக்கும் கேட்டது. ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு.

"அழிச்சுட்டீங்களா?"

மேடையில் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் மேடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அழிச்சுட்டேன் சாரதா" என்றார். "இப்பத்தான். போய்ப் பாரு, வீதி வந்துரும்."

அவர் பதிவைத் திறக்கக்கூட இல்லை. இருபது வருஷமாகப் பக்கத்து வீட்டில் பார்க்கிற மனுஷன், தராசில் நூல் ஒரு இழை குறைந்தாலும் சேர்த்துப் போடுகிற மனுஷன். போனில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. நடந்தாள். நின்று மூச்சு வாங்கினாள். மறுபடி நடந்தாள். "வந்துருச்சுங்களா" என்று வழியில் துளசிமணி கேட்பதும், "வந்துருச்சாமா" என்று இவள் சொல்வதும் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம் நின்றது. கோடியைத் தாண்டி, மறுபடி முதல் வீட்டு வாசலிலேயே வந்து நின்றிருப்பாள். போன் கட்டாகிவிட்டது.

அவர் மேடை ஏறினார். கோப்பையை வாங்கினார். போட்டோவுக்கு நின்றார். ஊர் கைதட்டியது. இறங்கிய முதல் படியிலேயே, கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, போனைத் திறந்து, "அழிக்கவா?" என்று அது கேட்டதும் அமுக்கினார். அன்றைக்குப் பதறவில்லை.

சத்தம் மண்டபம்வரை கேட்டது. ஒரு வாரத்துக் குக்கர் விசிலும், அடிபம்புச் சத்தமும், பிள்ளைகள் கூச்சலும் ஒரேயடியாக ஊருக்குள் வந்து விழுந்தன. ஜனம் எழுந்து ஓடியது. நான் வழியில் பேக்கரிக்காரரிடமிருந்து இன்ஹேலரைப் பிடுங்கிக்கொண்டு, இந்த உடம்பை வைத்துக்கொண்டு, வாழ்நாளில் ஓடாத ஓட்டம் ஓடினேன். மொட்டை முருங்கைக்குக் கீழே படியில் சாரதாமணி சரிந்து கிடந்தாள், உதடு நீலம் பூத்திருந்தது, துளசிமணி தலையை மடியில் வைத்துக்கொண்டு விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள். இன்ஹேலரை வாயில் வைத்து அமுக்கினேன். ஒரு தரம். இன்னொரு தரம். அவள் கண்ணைத் திறந்ததும் நாங்கள் இரண்டு பேரும் ஓவென்று அழுதோம். ஏழு வீட்டுக்காரர்களும் வெளியே வந்து, உறவுக்காரர்களைக் கட்டிக்கொண்டு, வெளியூர் போய் வந்தவர்கள் போல நின்றார்கள்.

மோகனசுந்தரமும் ஓடித்தான் வந்தார். மண்டபத்திலிருந்து வீட்டுப் பக்கமாகச் சுற்றி வந்தவர், "சாரதா, சாரதா" என்று கத்திக்கொண்டு என் வாசலைத் தாண்டி எங்களைப் பார்த்து ஓடிவருவதை நாங்கள் பார்த்தோம். என் வாசலுக்கு அடுத்த அடியை எடுத்து வைத்தார். அந்த அடி பேக்கரி மூலையில் விழுந்தது. எங்களைத் தாண்டிப் போகவில்லை, எங்கள் முன்னால் வரவேயில்லை. மேற்கே இருந்தார், கிழக்கே இருந்தார். திரும்பி ஓடிவந்தார். பேக்கரியிலிருந்து என் வாசலில் போய் நின்றார். ஊர் மொத்தமும் வீதியில் நடந்துகொண்டிருந்தது, நாய்கூட நடந்தது. அவருக்கு மட்டும் வீதி இல்லை.

"எங்கீங்க நீங்கெல்லாம்? எல்லாரும் என்ற பக்கத்துல வந்து மறைஞ்சு போறீங்களே!" என்று அவர் அலறுவது கேட்டது.

மெதுவாக நடக்கச் சொன்னார்கள். கண்ணை மூடச் சொன்னார்கள். கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றி சாக்கடையில் வீசிவிட்டு வந்தார், அப்போதும் பேக்கரிதான். துளசிமணியின் புருஷன் அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார், எங்கள் முன்னால் வந்து நின்றபோது வெறுங்கையைப் பார்த்து மலைத்துப்போனார். சிவசண்முகம் கோப்பையைத் திருப்பிக் கேட்க ஆள் அனுப்பினார், பதிவு இல்லையாமே. அதையும் கொடுத்துவிட்டார். கோப்பை இல்லாமலும் வந்து பார்த்தார்.

ஊர் இதற்கும் பழகிவிட்டது. அவரைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுகிறார்கள், அவ்வளவுதான். சாரதாமணி துளசிமணி வீட்டு மாடியில் குடியிருக்கிறாள், அவளுடைய துணிமணியை நான்தான் மூட்டை கட்டிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு என் வாசலுக்கு வந்து, "எப்புடி இருக்கறாளுங்கக்கா?" என்று கேட்பார், சொல்வேன். பிறகு கால்சட்டையை மடித்துக்கொண்டு ஓட ஆரம்பிப்பார்.

நேற்றும் அவளோடு துளசிமணி வீட்டுப் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மேற்கே அவர் ஓடிவருவது தெரிந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை.

"அவருக்குத்தான் வழி இல்ல. உனக்கு இருக்குதே சாரதா. எந்திரிச்சு நாலு எட்டு நீயே போயேன்."

அவள் கீரையிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். கோபமாகத் தெரியவில்லை. மூச்சு சீராக இருந்தது.

"அவரு அழிச்சுட்டேன்னு சொன்னப்ப, மூச்சில்லாமத்தானுங்கக்கா அந்தக் கோடி வரைக்கும் நடந்தேன்" என்றாள். "இனி நடக்க முடியாதுங்க."

அவர் என் வாசலைத் தாண்டி ஒரு அடி வைத்தார். பேக்கரி மூலையில் நின்று இரைக்க இரைக்கத் திரும்பிப் பார்த்தார்.